நாற்பதில் நின்ற முள்

அந்த முள்ளின் நிறம் ஆரஞ்சு என்பேன் நான். சிவப்புதான், வெயிலில் வெளுத்துவிட்டது என்பார் அம்மா. எங்கள் பழைய அம்பாசடரில் வேகம் காட்டும் மீட்டர் ஓட்டுகிறவருக்கு நேர் எதிரே இல்லை. டாஷ்போர்டின் நடுவில், ஒரு சின்னத் தட்டு அளவுக்கு வட்டமாக இருந்தது. ஓட்டுகிறவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கலாம். அப்பா அந்தப் பழைய மாடலைத் தேடிப் பிடித்து வாங்கியதே அதற்காகத்தான். "மீட்டரு என் கண்ணுக்குத் தெரியணும். தெரியாத வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தார். ஏறியபின் அவர் சாலையைப் பார்த்ததே கிடையாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, அந்த முள்ளையே பார்த்தபடி வருவார். அது நாற்பதைத் தாண்டக் கூடாது. வீட்டில் மற்ற எல்லாச் சட்டங்களுக்கும் விலக்கு உண்டு, இதற்கு மட்டும் கிடையாது.

காரணம் என் தாய்மாமா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, நண்பர்களோடு பெங்களூரிலிருந்து காரில் சேலம் போனவர் தொப்பூர் இறக்கத்தில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்து போய்விட்டார். தகவல் சொல்ல வந்த யாரோ ஒருவர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நூறுல வந்தாங்களாம்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். தம்பியின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லை, அந்த நூறு என்கிற எண் மட்டும்தான் அம்மாவுக்கு மிஞ்சியது. அதில் பாதிகூட வேண்டாம், நாற்பது போதும் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். ஏன் நாற்பது, ஏன் நாற்பத்தைந்து இல்லை என்று நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "நாப்பதுன்னா நாப்பதுதான்" என்று பதில் வந்தது. சத்துணவு அமைப்பாளராக முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு முட்டையை எண்ணிப் போட்டவர், எண்களில் பேரம் பேசமாட்டார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் ஓர் இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாதவர். அப்பா விதைக் கம்பெனி ஒன்றில் விற்பனையாளர். பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டங்கள், பென்னாகரத்துக்கு அப்பால் மலையோரக் கேழ்வரகு, கடத்தூர்ச் சந்தை என்று நாளெல்லாம் அலைவார். அலைந்துவிட்டு வீட்டுக்கு வந்தும் உட்காரமாட்டார். நின்றுகொண்டே சாப்பிடுவார், ஒரு காலில் செருப்பு இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் ஆரம்பித்தால் மெல்ல நழுவி மாதா கோவில் வாசலுக்குப் போய் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார். அந்தக் குணம் எனக்கும் அப்படியே வந்திருக்கிறது. வகுப்பில் கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடுவில் நான் நடக்கிற நடையைப் பார்த்துப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதப் போவதில்லை.

நிற்க முடியாதவர்களுக்குப் பொய் சொல்வது கைவந்துவிடும் போலிருக்கிறது. அப்பா பெரிய பொய் எதுவும் சொன்னதாக நினைவில்லை, எல்லாம் சில்லறைப் பொய்கள். தாடையில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டு, போனில், "கணவாயத் தாண்டிட்டேங்க, இன்னும் கால் மணி நேரத்துல வந்துடறேன்" என்பார். சாப்பிடாமல் வந்துவிட்டுச் சாப்பிட்டேன் என்பார். மழையில் நனைந்துவிட்டு, இல்லையே, அங்கே மழையே இல்லையே என்பார். தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும். அம்மா சிரித்துவிடுவார். எனக்குச் சிரிப்பு வராது. சின்ன வயதிலிருந்தே ஒரு விஷயம் இப்படி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் எனக்கு. பின்னாளில் நான் இயற்பியல் ஆசிரியை ஆனதற்கு அப்பாவின் பொய்கள்தான் காரணம் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். "அப்போ எனக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும் நீ" என்றார்.

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது வண்டிக்குச் சக்கரம் மாறியது. மலையோர ஊர்களுக்குப் போகும் பாதையில் கல்லெல்லாம் வண்டியின் வயிற்றில் இடிக்கிறது என்று சொல்லி, வேறொரு வண்டியின் பெரிய ரிம்களை லேத்தில் கொடுத்துத் துளை மாற்றி, அதற்கேற்ற பெரிய டயர்களையும் போட்டுக்கொண்டு வந்தார் அப்பா. வண்டி ஒரு சாண் உயர்ந்துவிட்டது போலத் தெரிந்தது. அம்மா ஏறுவதற்குத் தடுமாறினார். ஆனால் ஓரிரு மாதத்தில் அவருக்கே அந்த உயரம் பிடித்துவிட்டது. பெரிய சக்கரம் போட்டதிலிருந்து வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது, நாற்பதிலேயே எவ்வளவு சீக்கிரம் சேலம் வந்துவிடுகிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் அந்தச் சக்கரங்கள்தான். எத்தனை திருமணம், எத்தனை திருவிழா, எத்தனை முறை தொப்பூர் இறங்கி ஏறினோம், எல்லாம் முள் நாற்பதில் நிற்க நிற்கத்தான்.

அப்பா சொன்ன கடைசிப் பொய், "வெறும் வாய்வும்மா." நெஞ்சைத் தடவிக்கொண்டே இரண்டு நாள் இதைச் சொன்னார். ஓமத்தண்ணீர் குடித்தார், தெம்பாக இருப்பதாகக் காட்டத் தோட்டத்துக் குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். மூன்றாம் நாள் காலையில் எழவில்லை. டாக்டரிடம் போயிருந்தால் பிழைத்திருப்பார். அடக்கத்தின்போது நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் இருந்தது. அந்தக் கோபம் ஒரு வருஷம் ஆகியும் ஆறாமல், வீட்டில் கடிகாரம் இரண்டு நிமிடம் முன்னால் ஓடினால்கூடச் சரி செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கிற வியாதியாக மாறியிருந்தது.

அந்தச் சமயத்தில் அம்மாவுக்குக் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்தது. பிறகு கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், வாரத்தில் ஐந்து நாளாக மொத்தம் இருபத்தைந்து நாள், சேலத்துக்கு வந்து வந்து போகலாம் என்றார்கள். பாதியில் நிறுத்தினால் செய்ததற்கே பலன் இருக்காது என்று டாக்டரம்மா இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். மே மாதம், எனக்குப் பள்ளி விடுமுறை. பென்னாகரம் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சேலம் ஆஸ்பத்திரி தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கும். அப்பா போனதிலிருந்து ஷெட்டில் நின்ற அம்பாசடரைத் துடைத்து வெளியே எடுத்தேன். டயர்களில் வெடிப்பு விட்டிருந்தது.

டயர் மாற்றுகிற கடைக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார். "டீச்சர், இது இந்த வண்டியோட சைசே இல்லீங்களே. மீட்டரு கம்மியாக் காட்டுமே" என்றார். எனக்கு உள்ளே சுருக்கென்றது. இயற்பியல் படித்தவள், பத்தொன்பது வருஷம் அந்த வண்டியில் உட்கார்ந்தவள், எனக்கு இது தோன்றவேயில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை மட்டும்தான் மீட்டர் எண்ணும். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், அது மீட்டருக்குத் தெரியாது. ரிம்மெல்லாம் மாற்றினால்தான் பழைய அளவு டயர் போட முடியும், அதற்கு நாளில்லை. அதே பெரிய அளவில் புது டயர் போடச் சொல்லிவிட்டு, கடை வாசலிலேயே சாக்பீஸால் டயரில் ஒரு கோடு கிழித்து, தரையிலும் ஒரு கோடு போட்டு, வண்டியை மெல்லத் தள்ளச் சொன்னேன். சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றியதும் நிறுத்தி டேப் பிடித்து அளந்தோம். இருபத்து மூன்று மீட்டர் வந்தது. பழைய சக்கரத்துக்கு இருபத்தொன்றுதான் வரவேண்டும். பத்தில் ஒரு பங்கு வித்தியாசம். முள் நாற்பது காட்டினால் நிஜத்தில் நாற்பத்து நான்கு.

நாலு கிலோமீட்டர்தானே என்று விட்டிருக்கலாம். நான் விடுகிற ஆளா? போனில் ஜிபிஎஸ் பார்த்தபடி பைபாஸில் ஒரு நடை ஓட்டினேன். முள் நாற்பதில் நின்றபோது போன் நாற்பத்தொன்பது, ஐம்பது என்று காட்டியது. மூன்று தடவை திரும்பத் திரும்ப ஓட்டினேன், மூன்று தடவையும் அதேதான். சக்கரத்துக்கு நான்கு போனால் மீதி ஐந்தோ ஆறோ எங்கிருந்து வந்தது? வீட்டுக்கு வந்து சோறு வைத்துவிட்டு அதே கணக்கை மறுபடி போட்டேன். கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. அம்மா, "என்னத்தப் பாப்பா கிறுக்கிக்கிட்டே இருக்க, வந்து சாப்புடு" என்று இரண்டு முறை கூப்பிட்டார்.

மறுநாள் தர்மபுரியில் மீட்டர் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் வண்டியை நிறுத்தினேன். அவர் மீட்டரைக் கழற்றி, கண்ணாடி வளையத்தை நெம்பி எடுத்து, முள்ளை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "இது தானா வந்ததில்லீங்க டீச்சர். யாரோ முள்ளப் புடுங்கி, கீழ தள்ளித் திருப்பிச் சொருவியிருக்காங்க. வண்டி நின்னா முள்ளு ஜீரோ கிட்ட இருக்கற ஆணியில முட்டி நிக்கும், அதனால வித்தியாசம் தெரியாது. ஆனா ஓடுறப்ப அஞ்சு கம்மியா காட்டும்" என்றார். வண்டி நகர்ந்து பத்தடி போன பிறகே அந்த முள் சோம்பலாக எழும் என்பது எனக்குத் தெரியும். வயசான வண்டி, மெல்லத்தான் எழும் என்று அப்பா சொல்லியிருந்தார். நானும் கேட்டுக்கொண்டேன்.

அங்கே அந்தக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் சக்கரம் மாற்றிய புதிதில் ஒரு சனிக்கிழமை நடந்தது ஞாபகத்துக்கு வந்தது. அம்மா கோவிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்தார். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, அதில் இதே மீட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு அப்பா குனிந்திருந்தார். ஆச்சரியமாக, உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையவில்லை. "உள்ளார பூச்சி பூந்துடுச்சு பாப்பா. உன் ஜாமெட்ரி பாக்ஸக் குடு" என்றார். நான் என் காம்பஸை எடுத்துக் கொடுத்தேன். அம்மா வருவதற்குள் மேஜையைத் துடைத்து, மீட்டரை வண்டியில் மாட்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி டீ போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காம்பஸின் முனை வளைந்து போயிருந்தது. அதற்காக அவரிடம் சண்டை போட்டேனே தவிர, என்ன பூச்சி என்று கேட்கவில்லை. இத்தனை வருஷம் அம்மாவை ஏமாற்றியதில் என் காம்பஸுக்கும் பங்கு இருந்தது என்று தெரிந்தபோது முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"எல்லாத்தையும் சரி பண்ணிடுங்க. முள்ளு சொல்றது நெசமா இருக்கணும்" என்றேன். அவர் முள்ளைப் பிடுங்கிச் சரியான இடத்தில் வைத்தார். கியர் பெட்டியிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிளின் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு பல்சக்கரப் பெட்டியைப் பொருத்தினார். பெரிய சக்கரத்தால் வந்த பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை அது ஈடுகட்டிவிடும் என்றார். ஓட்டிப் பார்த்தேன். முள் நாற்பது, போனும் நாற்பது. அறுபது, அறுபது. வீடு வரும்வரை எனக்குள் ஒரு வெற்றிக் களிப்பு. அப்பாவின் ஒரு பொய்யையாவது நேர் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. போனவரைப் பற்றி எதற்கு, அதான் சரியாகிவிட்டதே என்று இருந்துவிட்டேன்.

முதல் திங்கட்கிழமையே அது என் தலையில் இடியாக இறங்கியது. அம்மாவின் முறை பத்து மணிக்கு. காலையில் அவருக்கு ஒரே குமட்டல். மாத்திரை போட்டு, இரண்டு இட்லி இறங்கி, அது வயிற்றில் தங்கி, வண்டியில் ஏற எட்டு மணி ஆகிவிடும். அதற்கு முன் கிளப்பினால் எல்லாம் வெளியே வந்துவிடும், முயன்று பார்த்தோம். அப்பா ஓட்டிய நாட்களில் எட்டுக்குக் கிளம்பினால் பத்துக்கு முன் சேலத்தில் இருப்போம். நானும் அந்த நினைப்பிலேயே கிளம்பினேன். நெடுஞ்சாலையில் முள்ளை நாற்பதில் வைத்தேன். லாரிகள் பின்னால் வந்து ஹாரன் அடித்தன. பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அம்மா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் பாப்பா இப்படி ஊர்ற? கை நடுங்குதா?" என்றார். "நாப்பதுலதாம்மா போறேன்" என்றேன். "அதான் எனக்கும் தெரியுதே. உங்கப்பாவும் நாப்பதுலதான் போவாரு, தொப்பூரு எப்ப வந்துச்சுன்னே தெரியாது. அது அவரு கை" என்றார்.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். முறை தவறிவிட்டது. தவறினால் எல்லோரும் முடிந்த பிறகுதான், மூன்று மணியோ நான்கு மணியோ. கழுத்து வியர்க்க, சுருங்கிய உடம்போடு அம்மா அந்த இரும்பு பெஞ்சில் காத்திருந்தார். நான் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். செவ்வாய், புதன், வியாழன், எல்லா நாளும் இதே கதை. "ஒரு அஞ்சு சேத்திப் போறேம்மா" என்று கெஞ்சினேன். முள் நாற்பத்திரண்டைத் தொட்டால் அவர் கை கதவுப் பிடிக்குப் போய்விடும். ஒருநாள் வாடகைக் கார் வைத்துப் பார்த்தேன். அதில் எண்ணாக ஒளிரும் மீட்டர். எண்பத்தெட்டு என்று பச்சையாக மின்னியதைப் பார்த்துவிட்டு, சுங்கச்சாவடியில் வண்டி நின்றதும் கதவைத் திறந்து இறங்கி, வெயிலில் ரோட்டோரமாக வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார். ஓடிப்போய்ப் பிடித்து வந்தேன். அன்றைய முறையும் போயிற்று.

இரண்டாம் வாரம் புதன்கிழமை, திரும்பி வரும் வழியில், கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "போதும் பாப்பா. வெள்ளிக்கெழமையோட நிறுத்திக்கலாம்." நான் கத்தினேன். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நாளெல்லாம் அந்த பெஞ்சுல என்னால உக்கார முடியல கண்ணு. உங்கப்பா இருந்தா ஓட்டிருப்பாரு. உன்னச் சொல்லிக் குத்தமில்ல" என்றார். என்னைக் குற்றம் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பொய் சொன்னவர் நல்ல ஓட்டுநர் ஆகிவிட்டார், உண்மையைச் சரி செய்து வைத்தவள் கையாலாகாதவள் ஆகிவிட்டேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

வியாழக்கிழமை அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு நேரே மீட்டர்க்காரரிடம் போனேன். முள்ளைப் பழையபடி வைத்து, நடுவில் போட்ட பெட்டியையும் கழற்றிவிடச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சர், வர்றவங்க எல்லாம் தப்பச் சரி பண்ணச் சொல்வாங்க. நீங்க சரியத் தப்பு பண்ணச் சொல்றீங்க. பத்து நிமிஷ வேலைதான், பண்ணித் தரேன்" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அதே பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார முடியாமல் எழுந்து நின்றேன். அப்பாவும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார் என்று தோன்றியது. அவர் மேல் முதல்முறையாக எனக்குக் கோபம் இல்லாமல் போனது அந்த நிமிடத்தில்தான். லாரிகள் நெருக்கும் சாலையில் மனைவியை வைத்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து, இவளுக்கும் பயம் வரக்கூடாது, நமக்கும் மூச்சு முட்டக்கூடாது என்று அந்த மனிதர் கண்டுபிடித்த வழி அது. நாளைக்கு நானும் அதைச் செய்தால் அம்மா பத்து மணிக்கு உள்ளே போய்விடுவார். இருபத்தைந்தும் முடிந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் அவர் கண்ணாடி வளையத்தில் கை வைத்ததும், "வெறும் வாய்வும்மா" என்று அப்பா சொன்னது காதில் விழுந்தது. அதுவும் அம்மாவுக்குப் பயம் வரக்கூடாது என்று சொன்னதுதானே. "வேணாங்க, உட்டுடுங்க" என்றேன். அவர் ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அம்மாவுக்குக் குமட்டல் குறைவு, ஏழரைக்கே கிளம்பினோம். கடைசி நாள் என்று அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டிருந்தார். தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் ஒரு டீக்கடைப் பக்கம் வண்டியை ஓரங்கட்டினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரம், முள், நாற்பது என்று பார்த்ததெல்லாம் ஐம்பது, சனிக்கிழமை நவநாள், என் காம்பஸ். சொல்லி முடித்ததும் அம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். இனிமேல் இந்த வண்டியில் ஏறமாட்டார், இன்றைக்கே எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். லாரிகள் பக்கத்தில் இறங்கிக்கொண்டே இருந்தன, அவர் புடவை படபடத்தது. கீழே பள்ளத்துப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் இறங்கிப் பக்கத்தில் போனேன்.

"எத்தன வருசமா?"

"பத்தொம்பதும்மா."

"இந்த எறக்கத்துலயுமா?"

"இந்த எறக்கத்துலயுந்தான்."

"என் தம்பி போன எடத்துல, அம்பதுலயா எறங்கியிருக்கேன் நானு" என்றார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று கையைப் பிடித்தேன். அழுகையும்தான், ஆனால் சிரிப்பும் இருந்தது. "களவாணி மனுசன். ஜெபமாலையக் கையில வச்சிக்கிட்டு நான் முள்ளப் பாத்துக்கிட்டே வந்தேன். ஒரு நாளாவது அவரு மொகத்தப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "ஆனா பாரு, அந்தத் திருட்டு முள்ளுலகூட ஒரு நாளும் நாப்பத்தொண்ணு போவல." அப்போதுதான் எனக்கும் அது உறைத்தது. பொய்யான முள்ளை வைத்துக்கொண்டும், அது நாற்பதைத் தாண்டாமல் பத்தொன்பது வருஷம் காலை அடக்கி ஓட்டியிருக்கிறார் உட்காரவே முடியாத அந்த மனிதர்.

"நீயும் காம்பஸக் குடுத்திருக்க" என்றார் என்னைப் பார்த்து. அவராகவே போய் ஏறி உட்கார்ந்தார். "எடு. மணி ஆவுது" என்றார்.

"எவ்வளவுலம்மா போறது?"

"அவரு போனதுலயே போ."

மெல்லக் கூட்டினேன். நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு. அம்மாவின் கை கதவுப் பிடிக்குப் போகவில்லை. முள் ஐம்பதில் வந்து நின்றது. அம்மா ஒரு தடவை அதைப் பார்த்தார், பிறகு தலையைத் திருப்பி ஜன்னல் வழியாக மலையைப் பார்க்க ஆரம்பித்தார். சாலையோரம் சின்னக் குகைபோலக் கட்டி உள்ளே மாதா சிலை வைத்திருந்தார்கள். "இங்க ஒரு மாதா கெபி இருக்கா? இத்தன வருசம் பாக்கவே இல்லியே" என்றார். ஒன்பது ஐம்பதுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். பத்தரைக்கெல்லாம் வெளியே வந்துவிட்டார்.

திரும்பும்போது கண்ணை மூடியபடி வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். ஊர் எல்லை வந்ததும், "வூட்டுக்குப் போவாத. கல்லறைக்கு உடு" என்றார். உச்சி வெயில், உடம்புக்கு ஆகாது என்று சொன்னேன். "நான் அவரக் கேக்கணும்" என்றார். கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவின் பக்கம் வண்டியை நிறுத்தினேன். கூட வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு தனியாகப் போனார். அப்பாவின் கல்லறைமுன் நின்று, குடையை இடது கைக்கு மாற்றி, வலது கையை நீட்டி நீட்டிப் பேச ஆரம்பித்தார். முழுவதும் எனக்குக் கேட்கவில்லை. "ஏங்க, நானென்ன சின்னப் புள்ளையாங்க?" என்பது கேட்டது. "சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டனா?" என்பது கேட்டது. நடுவில் குரல் உடைந்து, "வாய்வாம் வாய்வு" என்றது மிக நன்றாகக் கேட்டது. ஒரு வருஷமாக அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க, ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தார். குடையை மடக்கிப் பின்னால் போட்டார். முன் இருக்கையில் ஏறி, கதவை ஓங்கிச் சாத்தினார்.

"இன்னும் கேட்டு முடியல பாப்பா" என்றார். "திங்கக்கெழம ஆஸ்பத்திரி முடிஞ்சு வரப்பவும் இங்க நிறுத்து."